கேட் போட்ட நேரம்

தகரத்துக்கு மாதம் ஆயிரத்து நானூறு ஆனது.
மூட்டையின் மேல் சிரிக்கிற நாய்
எங்கோ பனி பெய்யும் ஊர் நாய்.
என் நாய், தார் டின்னுக்குள் தலை மாட்டிக்கொண்டு
ஸ்டேஷன் பக்கம் கிடைத்தது.
அதனால்தான் அந்தப் பெயர்.

உரக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
யார் குறுவைக்கு யூரியா வாங்கித்
தாளடி முடிந்தும் தரவில்லை என்பதைத்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
என் வீட்டுக் கணக்குக்கு மட்டும்
இருபதாம் தேதியே மூச்சு வாங்கும்.

ஒரு சனிக்கிழமை
பழைய பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
ரைஸ்மில்லில் குருணை.
நைனா முகமது கடையில் ஷட்டர் பாதி இறங்கியதும்
கோழிக் கழுத்தும் ஈரலும்,
"இருபது ரூபா குடுத்துட்டுப் போங்க டீச்சர்."
(நான் டீச்சர் இல்லை. திருத்தினால் விலை ஏறுமோ என்று
திருத்தவில்லை.)
பூசணி கொல்லையில் கிடக்கிறது.
உப்பு வேண்டாம், வெங்காயம் வேண்டவே வேண்டாம்,
வெந்த எலும்பு தொண்டையைக் கிழிக்கும் என்று
கால்நடை மருந்தகத்தில் டாக்டர் இளவேனில்
ஊசிச் சீட்டின் பின்புறம் எழுதித் தந்தார்.

மூன்று நாள் தகரம் என்னோடு பேசவில்லை.
நாலாம் நாள் தட்டை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே போய்க்
குழாயடியில் நிறுத்தியது.

மிச்சம் அறுநூற்று இருபது.

மிச்சம் வினோதமான பணம்.
நேற்றும் என்னுடையதுதான்,
இன்று யாரோ தொலைத்ததை எடுத்தமாதிரி கூசுகிறது.
ஒரு சுங்குடிச் சேலையை
இரண்டு நாள் நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
பிறந்த பிள்ளைக்குப் பெயர் தேடி
வைத்தும் முடித்துவிடலாம்.
நெல் லாரி, மன்னார்குடி பஸ், கல்யாண வேன்
எல்லாம் வரிசையில் நின்று உறுமும்.
அந்தக் காத்திருப்பில் பிழைப்பவர்கள்
கடலை விற்கும் கலியமூர்த்தி,
வெள்ளரிப் பிஞ்சு விற்கும் இரண்டு பெண்கள்,
ஆறு நாய்கள்.
ஜன்னலிலிருந்து ஒரு பன் விழும். அவ்வளவுதான் வருமானம்.
கேட் தூக்கியதும் எல்லாருக்கும் ஒரே அவசரம்.
தை மாதத்துக்குள் ஆறு நாலாகிவிட்டது.

பெட்டைகள் இரண்டையும்
தஞ்சாவூர் கொண்டுபோய்க் கருத்தடை செய்ய
ஆட்டோ வாடகை, மருந்து, மூன்று நாள் பால் என்று
நாலு மாத மிச்சம் கரைந்தது.
காதோரம் சின்ன வெட்டோடு திரும்பி வந்தவை
என்னைக் கண்டால் வாலை ஆட்டாமல்
ஆட்டோவைப் பார்த்தன.

பிறகுதான் பட்டை.
பழைய இரும்புக் கடையில்,
ரோடு போட்டவர்கள் கிழித்துப் போட்ட
ஒளிரும் சட்டைகள் கிலோ கணக்கில் கிடைத்தன.
பக்கத்து வீட்டு சுபிக்ஷா தூக்கிப்போட்ட
பள்ளிப்பையின் வார் இருந்தது.
தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு
இரண்டு விரல் நுழையும் தளர்வோடு
நாலு பட்டை தைத்தேன்.
கடையில் ஒன்று முந்நூற்றைம்பது.

மூன்று நாய்கள் கழுத்தை நீட்டின.
கறுப்பன் பல்லைக் காட்டினான்.
ஈரலை வாங்கிக்கொண்டு மறுபடியும் பல்லைக் காட்டினான்.

கையில் மிஞ்சிய ஒன்றைப் பார்த்துக்
கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார்.
"நாய்க்கு மட்டுந்தானா?"
அவர் சைக்கிள் மட்கார்டில் கட்டினோம்.
கூலியாக ஒரு பொட்டலம் கடலை தந்தார்,
எண்ணிப் பார்த்தேன், வழக்கத்தைவிடக் குறைவு.

நேற்று ராத்திரி கடைசிக் கூட்ஸ் போனதும்
கேட் ஏறியது. லாரி விளக்கு விழுந்தது.
தரையோரம் மூன்று கீற்றுகள் விலகி ஓடின,
கொஞ்சம் உயரத்தில் ஒன்று ஆடியாடிப் போனது.
டிரைவர் கெட்ட வார்த்தை சொல்லி
பிரேக்கை மிதித்தார். நல்ல மனிதர்.

கறுப்பன் இருட்டில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
அவன் பெயருக்கு நேரே
நிலுவை என்று எழுதியிருக்கிறேன்.